குறிப்புகளைத் திரைப்பலகையில் பரப்பி அடுக்குவது எப்படி? செங்கோட்டையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கொல்லம் – செங்கோட்டை ரயில் பாதை 2010இல் மீட்டர் கேஜ் வண்டிகளை நிறுத்தியது. அகலப் பாதையாக மாறி மலை வழியே முழுவதுமாக மறுபடி திறக்கப்பட்டது 2018இல். நடுவில் இருந்த அந்த எட்டு ஆண்டுகளில் மலைக்கு இரண்டு பக்கத்து மனிதர்களும் எப்படிப் போய்வந்தார்கள் என்று எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்காகச் சேர்த்தவை ஐந்து இடங்களில் கிடந்தன: செல்போனில் தட்டியவை, எனக்கு நானே அனுப்பிக்கொண்ட வாட்ஸ்அப் செய்திகள், ஒரு நீள நோட்டு, பழைய டிக்கெட்டுகளின் படங்கள், பெரியவர்கள் பேசிய ஒலிப்பதிவுகள். எதுவும் தொலையவில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தால் எதுவும் கைக்கு வரவில்லை.

அவற்றை ஒரே திரைப்பலகையில் பரப்பிய பிறகுதான் எழுத்து நகர்ந்தது. திரைப்பலகை என்று நான் சொல்வது, எந்தப் பக்கமும் முடியாமல் நீளும் ஒரு வெற்றுத் தளம். அதில் சிறு அட்டைகளாகக் குறிப்புகளை வைக்கலாம், நகர்த்தலாம், கோடு போட்டு இணைக்கலாம். கோப்புறைக்குள் கோப்புறையாகப் போட்டு வைத்தால் ஒரு குறிப்புக்கு ஒரே ஓர் அண்டை வீடுதான். பலகையில் அதற்கு நாலு திசையிலும் அண்டை வீடு உண்டு. ஓர் அட்டையை எதன் பக்கத்தில் வைக்கிறோம் என்பதே ஒரு யோசனை. அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே வரிசையைப் பிடித்துக்கொள்கிறேன்: முதலில் இடம், பிறகு பெயர், கடைசியில் அம்பு. இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

எந்தக் கருவி?

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். நான் பயன்படுத்துவது ஆப்சிடியன் என்ற குறிப்பெடுக்கும் செயலி. 2022 இறுதியில் அதில் கேன்வாஸ் என்ற திரைப்பலகை வசதி வந்தது. கோப்புகள் நம் கணினியிலேயே இருக்கும், இணையம் தேவையில்லை. புளியரை தாண்டி மலையேறியதும் சிக்னல் வந்தும் போயும் விளையாடும் எங்கள் பகுதிக்கு இது பெரிய வசதி. 2024இல் அதன் கேன்வாஸ் கோப்பு வடிவத்தை ஜேசான் கேன்வாஸ் என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். நாளை வேறு செயலிக்கு மாற நினைத்தாலும் உழைப்பு வீணாகாது.

கணக்கு எதுவும் தொடங்காமல் உலாவியில் உடனே வரைந்து பார்க்க எக்ஸ்காலிட்ரா போதும். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் வேலை செய்ய மிரோ நல்லது. ஆனால் இலவசக் கணக்கில் மூன்று பலகைகளைத்தான் திருத்த முடியும். ஆப்பிள் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஃப்ரீஃபார்ம் கூடவே கிடைக்கிறது. கீழே சொல்லும் படிகள் இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதல் படி: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டுங்கள்

ஒரு புதிய கோப்புறை. அதற்குள் எல்லாம். இந்தக் கட்டத்தில் பிரிக்காதீர்கள், தலைப்பு வைக்காதீர்கள்.

படங்களுக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, இடம், பொருள் என்ற வரிசையில் வையுங்கள்: “2009 தென்மலை டிக்கெட்” என்பது போல. ஒலிப்பதிவை முழுவதுமாக எழுத்தில் இறக்க உட்கார்ந்தால் அங்கேயே களைத்துப்போவீர்கள். கேட்டுக்கொண்டே வந்து, முக்கியமான இடத்தில் நிமிடத்தையும் ஒரு வரியையும் மட்டும் குறியுங்கள். “14:20 – பஸ்ஸில் இலைக்கட்டுக்குச் சுமைக் கட்டணம்.” இது போதும். தேவைப்படும் நாளில் அந்த நிமிடத்துக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: ஓர் அட்டையில் ஒரு செய்தி

வழிகாட்டியின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. பொறுமையாகச் செய்யுங்கள்.

ஓர் ஆச்சியைப் பற்றி என் நோட்டில் ஒரு பத்தி இப்படி இருந்தது: “ஆச்சி வாழையிலை வியாபாரம். காலை வண்டியில் புனலூர் போய்விடுவார். ஐந்து கட்டு. ரயில் நின்ற பிறகு பஸ், இரண்டு கட்டுதான். மலையாளம் சந்தையில் கற்றுக்கொண்டது. பேத்தி இப்போது கொல்லத்தில் நர்ஸ்.”

முதலில் இதை அப்படியே ஒரே அட்டையில் ஒட்டிவிட்டேன். பிறகு அந்த அட்டையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. அது வியாபாரத்தைப் பற்றியதா, மொழியைப் பற்றியதா, அடுத்த தலைமுறையைப் பற்றியதா? எல்லாவற்றையும் பற்றியது என்பதால் எதன் பக்கத்திலும் உட்காரவில்லை. நான்காக உடைத்தேன்:

“ஆச்சி ரயிலில் ஐந்து வாழையிலைக் கட்டுகளைப் புனலூருக்குக் கொண்டுபோனார்.”
“ரயில் நின்ற பிறகு பஸ்ஸில் இரண்டு கட்டுகளை மட்டும் கொண்டுபோனார்.”
“ஆச்சி மலையாளத்தைப் பள்ளியில் அல்ல, புனலூர்ச் சந்தையில் கற்றுக்கொண்டார்.”
“ஆச்சியின் பேத்தி கொல்லத்தில் நர்ஸ் வேலை பார்க்கிறார்.”

நான்கும் முழு வாக்கியங்கள் என்பதைக் கவனியுங்கள். “வாழையிலை வியாபாரம்” என்று இரண்டு சொல்லில் எழுதினால் அது அட்டை ஆகாது, அலமாரியின் பெயர்ச்சீட்டு ஆகிவிடும். எழுவாயும் பயனிலையும் இருந்தால்தான் அது ஒரு செய்தியைச் சொல்கிறது. செய்தியைச் சொன்னால்தான் இன்னொரு செய்தியோடு ஒத்துப்போகவோ மோதவோ அதனால் முடியும்.

அட்டையின் கடைசி வரியில் யார் சொன்னது, எந்த நாள், எந்தக் கோப்பு என்று எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து “இதை யார் சொன்னார்?” என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் நிலை வராது.

ஆப்சிடியனில் வெற்றிடத்தில் இருமுறை சொடுக்கினால் புது அட்டை வரும். முதல் நாள் முப்பது, நாற்பது அட்டைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் கண் ஓடாது.

மூன்றாம் படி: பரப்புங்கள், நகர்த்துங்கள், பெயர் வைக்காதீர்கள்

என் முதல் பலகையில் நான் செய்த தவறை விரிவாகவே சொல்கிறேன். அட்டைகளைப் பரப்பும் முன்பே பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டேன். இடப்பக்கம் கேரளம், வலப்பக்கம் தமிழ்நாடு. எல்லை ஊர்க்காரன் அல்லவா, அந்தக் கோடு எனக்கு இயல்பாகத் தோன்றியது. பத்து அட்டைகள் வரை எல்லாம் ஒழுங்காக அமர்ந்தன. பதினொன்றாவது அட்டை, இந்தப் பாதையில் 1904இல் ரயில் ஓடத் தொடங்கியது என்பது. அதை எந்தப் பக்கம் வைப்பது?

1904இல் செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. ஊர் முகப்பில் நிற்கும் வளைவில் இன்றும் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இருக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் செங்கோட்டை தாலுகா, கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு தாலுகாக்களோடு சேர்ந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய எந்தச் செய்தியையும் நான் போட்ட கோட்டில் வைக்கவே முடியாது. இன்றைய எல்லையை எடுத்துக்கொண்டுபோய் நேற்றைய மனிதர்களின் நடுவில் போட்டிருக்கிறேன். ஆச்சியின் அட்டைகளும் அப்படித்தான்: வீடு இங்கே, சந்தை அங்கே, மொழி இரண்டும். கோட்டை அழித்த பிறகுதான் அந்த அட்டைகள் ஒன்றையொன்று தேடி வந்தன.

ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவாகிதா நேபாளத்தின் மலைக்கிராமங்களில் களப்பணி செய்தவர். குவிந்துபோன களக்குறிப்புகளைச் சமாளிக்க அவர் ஒரு முறையை உருவாக்கினார். 1960களில் அது பரவியது. அவர் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அதைக் கே.ஜே. முறை என்கிறார்கள். குறிப்புகளைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதிப் பரப்பி, ஒன்றோடொன்று உறவுள்ளவையாகத் தோன்றுபவற்றை அருகருகே நகர்த்த வேண்டும். குழுக்கள் கீழிருந்து மேலே வர வேண்டும். முன்கூட்டியே வைத்த பெட்டிகளுக்குள் சீட்டுகளைத் திணிக்கக் கூடாது. மலைநாட்டுக் களக்குறிப்புகளுக்காகப் பிறந்த முறை எங்கள் மலைக்கும் பொருந்தியதில் எனக்கு வியப்பில்லை.

செய்யும் விதம் எளிது. ஓர் அட்டையை எடுங்கள். மற்றவற்றின் மேல் கண்ணை ஓட்டுங்கள். “இது அதோடு பேசுகிறது” என்று தோன்றினால் பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள். காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எதோடும் சேராத அட்டை ஒன்றிரண்டு இருக்கும். அவற்றைத் தனியே விடுங்கள், வலிந்து சேர்க்காதீர்கள். என் பலகையில் பேத்தியின் அட்டை மூன்று வாரம் தனியாகவே கிடந்தது. பிறகு “புனலூர் கல்லூரிக்குத் தினமும் ரயிலில் போனவர்கள், வண்டி நின்றதும் விடுதியில் தங்கினார்கள்” என்ற குறிப்பு வந்தபோது அது தானாகப் போய் ஒட்டிக்கொண்டது.

முழுப் பலகையையும் ஒரே பார்வையில் பார்க்க ஆப்சிடியனில் ஷிப்ட் விசையோடு 1ஐ அழுத்துங்கள். தேர்ந்தெடுத்த அட்டைகளை மட்டும் நெருங்கிப் பார்க்க ஷிப்ட் விசையோடு 2. நகர்த்தும் வேலையில் இந்த இரண்டும் ஓயாமல் வேண்டியிருக்கும்.

நான்காம் படி: குழுவுக்குப் பெயர்

அட்டைகள் கூடி அமர்ந்த பிறகு அவற்றைச் சுற்றி ஒரு சட்டம் போட்டுப் பெயர் வையுங்கள். பெயரும் ஒரு வாக்கியமாக இருக்கட்டும். “போக்குவரத்து” என்ற பெயர் எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும். “சுமை தூக்கியவர்களுக்கு பஸ் ரயிலுக்கு ஈடாகவில்லை” என்ற பெயர் இந்தக் கட்டுரைக்கு மட்டும்தான் பொருந்தும். பெயர் வைக்கும்போது ஓர் அட்டை அதற்குள் அடங்காமல் முரண்டுபிடித்தால் அட்டையை வெளியேற்றாதீர்கள், பெயரை மாற்றிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: அம்புகளுக்கு உருபு கொடுங்கள்

பலகை கையில் கிடைத்ததும் எல்லோருக்கும் அம்பு போட ஆசை வரும். இருபது அம்புகள் போட்டால் திரை சிலந்திவலை ஆகிவிடும், ஆனால் ஒன்றும் விளங்காது. ஏனென்றால் வெறும் அம்பு “இதற்கும் அதற்கும் ஏதோ தொடர்பு” என்பதோடு நின்றுவிடுகிறது.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கும் அவர் குழுவினரும் 1972இல், குழந்தைகளின் அறிவியல் புரிதல் எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தபோது கருத்து வரைபடம் என்ற முறையை வகுத்தார்கள். அதில் ஒவ்வொரு கோட்டின் மேலும் இணைப்புச் சொல் இருக்க வேண்டும். இரண்டு கருத்தும் நடுச்சொல்லும் சேர்ந்து ஒரு முழுக்கூற்றாக வாசிக்கப்பட வேண்டும்.

தமிழில் நமக்கு இதற்கு ஆயத்தமான கருவியே இருக்கிறது. வேற்றுமை உருபுகளும் எச்சங்களும் உறவைச் சொல்லவே பிறந்தவை. என் அம்புகளின் மேல் நான் எழுதுபவை இவைதாம்:

“ஆல்” என்றால் காரணம்.
“இலிருந்து” என்றால் பிறந்த இடம், ஆதாரம்.
“க்காக” என்றால் நோக்கம்.
“ஓடு” என்றால் கூடவே நிகழ்ந்தது.
“போது” என்றால் ஒரே காலம், அவ்வளவுதான்.
“ஆனாலும்” என்றால் முரண்.

“ஆல்” என்பதையும் “போது” என்பதையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். ரயில் நின்றதால் நடந்தது வேறு, ரயில் நின்றபோது நடந்தது வேறு. வெறும் அம்பு இரண்டையும் ஒன்றாக்கிவிடும். எந்த உருபைப் போடுவது என்று தயங்கினால் அந்த அம்பை அழித்துவிடுங்கள். அட்டைகள் பக்கத்தில் இருப்பதே இப்போதைக்குப் போதும். என் பலகையில் அறுபது அட்டைகளுக்குப் பதினான்கு அம்புகள்தாம் இருக்கின்றன.

நிறங்கள்

நிறத்துக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள். எனக்கு அது நம்பகம். ஆவணத்தில் நானே பார்த்தது பச்சை. ஒருவர் சொல்லக் கேட்டது மஞ்சள். இரண்டு பேர் மாறுபட்டுச் சொன்னது சிவப்பு. பாதை மறுபடி திறந்த ஆண்டை ஒருவர் 2018 என்றார், இன்னொருவர் அதற்கு முந்தைய ஆண்டைச் சொன்னார். இரண்டும் சிவப்பாயின. விசாரித்தபோது இருவருமே சரி என்று தெரிந்தது. அகலப் பாதை கட்டம் கட்டமாகத் திறந்ததால், அவரவர் நிலையத்துக்கு முதல் வண்டி வந்த நாளை அவரவர் சொல்லியிருக்கிறார்கள். அழகுக்காக நிறம் தீட்டியிருந்தால் இந்தச் சிவப்பு என் கண்ணில் பட்டிருக்காது.

ஆறாம் படி: திசையும் காலமும் வைத்து இரண்டாம் பலகை

முதல் பலகையைக் கலைக்காதீர்கள். அதன் நகலை எடுத்து, அதே அட்டைகளை வேறு விதமாக அடுக்கிப் பாருங்கள். நான் இடமிருந்து வலமாக நிலையங்களை வைத்தேன்: புனலூர், எடமண், தென்மலை, கழுதுருட்டி, ஆரியங்காவு, பகவதிபுரம், செங்கோட்டை. மேற்கு இடப்பக்கம், கிழக்கு வலப்பக்கம், வரைபடத்தில் இருப்பது போலவே. மேலிருந்து கீழாகக் காலம்: 1904, 1956, 2010, 2018. ஒவ்வோர் அட்டையும் தன் ஊருக்கும் தன் காலத்துக்கும் போய் உட்கார்ந்தது.

அப்போது கண்டதை இன்னும் மறக்கவில்லை. கழுதுருட்டிக்குக் கீழே அட்டைகள் குவிந்திருந்தன. பதிமூன்று கண் பாலம் அங்கே இருப்பதால் படம் எடுக்கப் போனவர்கள், கதை சொன்னவர்கள் எல்லோரும் அதையே சொல்லியிருக்கிறார்கள். பகவதிபுரத்துக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. செங்கோட்டைக்கு அடுத்த நிலையம் அது, தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பது. அங்கே யாரிடமும் நான் பேசியதே இல்லை. நோட்டில் எழுதும்போது இல்லாதது கண்ணுக்குத் தெரியாது. பலகையில் வெற்றிடம் வெற்றிடமாகவே தெரிகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனது பகவதிபுரத்துக்கு.

உங்கள் பொருளுக்கு ஏற்ற இரண்டு அளவுகோல்களை நீங்களே தேர்ந்தெடுங்கள். சமையல் குறிப்பு சேர்ப்பவருக்கு மாதமும் நேரமும் பொருந்தலாம். தேர்வுக்குப் படிப்பவருக்குப் பாடமும் கடினமும் பொருந்தலாம்.

ஏழாம் படி: பலகையிலிருந்து எழுத்துக்கு

ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து, அதன் அட்டைகளுக்கு வாசிக்கும் வரிசையில் எண் போடுங்கள். அவற்றை ஒரு கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டுங்கள். அம்புகளில் எழுதிய உருபுகள் அப்படியே வாக்கியங்களின் மூட்டுகளாகும். முதல் வரைவு பாதி தயார்.

ஆப்சிடியன்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலகையில் நேரடியாகத் தட்டிய அட்டை அந்தப் பலகைக்குள் மட்டுமே வாழ்கிறது. மற்றக் குறிப்புகளோடு இணைப்பு காட்டாது. நிலைத்து இருக்க வேண்டிய அட்டைகளை, வலச்சொடுக்கில் வரும் பட்டியல் வழியாகத் தனிக் கோப்பாக மாற்றிவிடுங்கள். இரண்டாம் பலகையிலும் அதே கோப்பை வைத்தால், ஓரிடத்தில் திருத்தியது மற்ற இடத்திலும் திருந்திவிடும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு

தேடல்தான் பெரிய தலைவலி. ஒரே ஊரை ஆரியங்காவு, ஆர்யங்காவு என்று இரண்டு விதமாக எழுதுகிறோம். கொல்லம் பழைய ஆங்கில ஆவணங்களில் குயிலான் ஆகிவிடுகிறது. ஒரு வடிவத்தை உறுதிசெய்துகொண்டு, மற்ற வடிவங்களை அந்த ஊரின் தனி அட்டையில் பட்டியலிட்டு வையுங்கள். எப்படித் தேடினாலும் அந்த அட்டை அகப்படும்.

எக்ஸ்காலிட்ராவின் கையெழுத்துப் பாணி எழுத்துரு தமிழுக்குப் பொருந்தாது, கணினியின் வழக்கமான தமிழ் எழுத்தே தோன்றும். அதற்காக மெனக்கெட வேண்டாம். பிடிஎஃப் ஆக மாற்றும்போது மட்டும் விழிப்பாக இருங்கள். சில கருவிகளில் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். “கொல்லம், கோவில், கௌரி, ஸ்ரீ” என்று ஓர் அட்டையில் எழுதி, முதலில் அதை மட்டும் மாற்றிப் பாருங்கள். அது சரியாக வந்தால் முழுப் பலகையும் சரியாக வரும். கோணினால் படமாக ஏற்றுமதி செய்துவிடுங்கள்.

வாரம் ஒருமுறை கோப்புறையை ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எட்டாம் படி: உரியவரிடம் காட்டுங்கள்

பலகையைப் படமாக ஏற்றுமதி செய்து, ஏ3 தாளில் பெரிதாக அச்சிட்டு, ஒரு பென்சிலோடு எடுத்துக்கொண்டு போங்கள். திரையில் காட்டினால் பெரியவர்கள் தலையாட்டிவிட்டு விடுவார்கள். தாளில் காட்டினால் விரல் வைத்துப் பார்ப்பார்கள்.

ஆச்சியின் வீட்டுத் திண்ணையில் தாளை விரித்து அவருடைய அட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். “ரயில் நின்றதால் ஐந்து கட்டு இரண்டானது” என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். கண்டக்டர் மூன்று கட்டுவரை ஏற்றிக்கொள்வார் என்றார். அந்த ஆண்டுதான் அவருக்கு முழங்கால் வீங்கியது. மூன்றாவது கட்டைத் தூக்க அவரால் முடியவில்லை. “ரயிலைக் குற்றம் சொல்லாதே ஐயா, அது என் முழங்கால்” என்று சொல்லிவிட்டுத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

பென்சிலால் “ஆல்” என்பதை அடித்து “போது” என்று எழுதினேன். முழங்காலுக்குப் புதிதாக ஓர் அட்டை போட்டு, அதிலிருந்து இரண்டு கட்டுக்கு “ஆல்” என்று ஓர் அம்பு இழுத்தேன். இரண்டும் இப்போது பலகையில் மஞ்சள் நிறத்தில் இருக்கின்றன.